சாமியானாவுக்குப் பின்னால் இருந்த வயல்

அஞ்சலையம்மா இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் பாபநாசத்தில் மழைச் சேத ஆய்வுக் கூட்டத்தில் இருந்தேன். பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் சொன்னேன். "யாரு, அந்த சாமியானா அம்மாவா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கூட்டம் முடியும்வரை உட்கார்ந்துதான் இருந்தேன்.

அவர் நம் ஊராட்சித் தலைவராக இருந்த ஐந்தாண்டும் நான்தான் செயலர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர், தலைவரான பின்னும் போனார். கையெழுத்துப் போடும் முன் எதையும் வாசித்துக் காட்டச் சொல்வார். நான் பாதியை விழுங்கினால் கண்டுபிடித்துவிடுவார். "விட்டதையும் படிங்க சார்" என்பார்.

அந்தப் புயல் மழையில் நம் சம்பா மூழ்கியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடிகால் தூர்ந்து கிடந்ததால், மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியவில்லை. அமைச்சர் பார்வையிட வருகிறார் என்றார்கள். தார்ச்சாலை ஓரத்தில் சாமியானா போட்டு, சேதத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கி உள்ளே மாட்ட வேண்டும் என்று உத்தரவு. அமைச்சர் காலில் சேறு படக் கூடாதாம். படங்களை மாட்டியது நான்தான்.

அமைச்சர் ஒவ்வொரு படமாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தார். கடைசிப் படத்துக்கு வந்ததும் அஞ்சலையம்மா பின்பக்கத் துணியின் முடிச்சை அவிழ்த்துவிட்டார். துணி சரிந்தது. பத்தடி தள்ளி வயல். அழுகிய பயிரின் நாற்றம் குப்பென்று உள்ளே வந்தது.

"படத்துல இருக்கறது இதுதாங்கய்யா. நிவாரணம் வேணாங்கல. இந்த வடிகாலைத் தூர் வாரிக் குடுங்க, அடுத்த வருஷம் நீங்க இவ்வளவு தூரம் வரவே வேண்டாம்."

அமைச்சர் ஆகட்டும் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அவரோடு வந்த அதிகாரி ஒருவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். அஞ்சலையம்மா பார்த்துக்கொண்டு நிற்கும்போதே நான் அந்தத் துணியை எடுத்து மறுபடியும் கட்டினேன்.

வடிகாலில் ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை. நிவாரணமும் சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் வந்த பிறகுதான் நமக்கு வந்தது. அதற்கு நாம் யாரைத் திட்டினோம்? அமைச்சரையா? அந்தம்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று டீக்கடையில் பேசாதவர் நம்மில் யார்? அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்தும் விட்டோம். தோற்ற மறுவாரமே வடிகாலுக்கு மனு எழுதித் தரச் சொல்லி என் வீட்டுக்கு வந்தார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் வந்தார்.

அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று சுடுகாட்டுப் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். அதே வடிகால்தான் வழிந்து கிடந்தது. மாலையோடு வந்த கட்சிக்காரர்கள் தார்ச்சாலையோடு திரும்பிவிட்டார்கள்.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய துணிச்சலைப் பற்றி நிறையப் பேசினார்கள். அதில் பங்கு கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அன்று நான் முடிச்சுப் போட்டுத் திரும்பியபோது, "உங்களுக்கும் உத்தியோகம் இருக்குல்ல சார்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான். திட்டியிருந்தால் இதற்குள் மறந்திருப்பேன்.