வாத்துக் கொட்டாயில் குறைந்த முட்டைகள்

கடத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நான் மருமகளாக வந்தபோது, சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கணவர் அரூரில் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் மாமனார், மாமியார், நான் மட்டும்தான்.

அந்த வருஷம் நெல் அறுப்பு முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் ஏரிக்குக் கீழே பட்டி போட்டிருந்தார்கள். அவர்கள் கிளம்பும் நாளில், கூட்டத்தோடு நடக்க முடியாத இரண்டு பெட்டை வாத்துகளையும் ஓர் ஆணையும் மாமா கூடையில் சுமந்துகொண்டு வந்தார். கோழிக்குழம்பு கொதித்தாலே கவிச்சி தாங்காமல் வாசலுக்குப் போய்விடுகிற மனிதர் அவர்.

"எதுக்குங்க இது?" என்றாள் அத்தை.

"கெடக்கட்டுமே. அழகாத்தான இருக்குது."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அழகு பாத்து ஒரு பொருள் வாங்குன மனுசனா இது?" என்று மாட்டிடம் கேட்டாள். மனிதர்களிடம் நேராகக் கேட்க முடியாததை எல்லாம் தொழுவத்துப் பசுவிடம் கேட்பது அவள் வழக்கம்.

மாட்டுக் கொட்டாயை ஒட்டி ஓலைச் சாய்ப்பு இறக்கி, வைக்கோல் பரப்பி, வாத்துகளை அதில் அடைத்தோம். நான் அப்போது மாசமாக இருந்தேன். மசக்கையில் சமையல் வாசனையே ஆகவில்லை. அடுப்படியில் நிற்க முடியாமல் வாத்துகளுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வேன். பழுப்புப் பெட்டை முட்டைக்குத் தயாரானதை அப்படித்தான் பார்த்தேன். வைக்கோலை ஒவ்வொரு இழையாக அலகால் இழுத்துத் தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்டது. நெஞ்சை அழுத்தி வட்டமாகத் திரும்பித் திரும்பி, ஒரு சட்டி அளவுக்குக் குழி செய்தது. விடிவதற்குள் அதில் முட்டையிட்டு, மேலே வைக்கோலை இழுத்து மூடிவிட்டுத்தான் எழுந்து வரும். புள்ளி போட்ட இன்னொரு பெட்டைக்கு அந்தப் பொறுப்பெல்லாம் இல்லை. நின்ற இடத்தில் போட்டுவிட்டு ஏரிப்பக்கம் ஓடப் பார்க்கும்.

முட்டைகளை எடுத்து உமிப்பானையில் வைப்பது என் வேலை. கொஞ்ச நாள் தினமும் இரண்டு கிடைத்தன. பிறகு பழுப்பு வாத்தின் குழி அடிக்கடி காலியாகக் கிடந்தது. வைக்கோல் மட்டும் ஒழுங்காக மூடியிருக்கும். கையை விட்டால் சூடு இருக்கும், முட்டை இருக்காது.

அத்தை முதலில் சாரைப்பாம்பு என்றாள். அப்புறம் கீரி என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் என் வாயையே பார்க்க ஆரம்பித்தாள். அடுப்புச் சாம்பலை அள்ளும்போது ஓடு கிடக்கிறதா என்று கிளறினாள். நான் தண்ணீர் கொடுத்தால் சொம்பை முகர்ந்துவிட்டுக் குடித்தாள். ஒரு நாள் பால் கறந்துகொண்டே பசுவிடம் சொன்னாள்: "மாசமா இருக்கறவளுக்கு வாய் கேக்கறதுதான். கேட்டு வாங்கித் தின்னா யாரு வேணாங்கப் போறா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சும்மாவே சோறு தங்காத வயிறு, வாத்து முட்டையை எப்படித் தாங்கும்? சாணி பொறுக்க வருகிற பெண்ணைச் சந்தேகப்பட்டேன். அவள் வராத நாளிலும் முட்டை போயிற்று. பிறகு அத்தைமேலேயே சந்தேகம் வந்தது. தானே எடுத்து ஒளித்துவிட்டுப் பழியை என்மேல் போடுகிறாளோ? கணவரிடம் சொன்னேன். "முட்டைக்கா இவ்ளோ பேச்சு?" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், வாத்துகளை அடைத்ததும் சாய்ப்பின் வாசலில் சாம்பலைச் சலித்துத் தூவினேன். பாம்பானால் கோடு தெரியும், கீரியானால் நகம் தெரியும். காலையில் அதில் பெரிய மனிதப் பாதம் ஒன்று பதிந்திருந்தது. அத்தையின் பாதம் அதில் பாதிகூட இருக்காது.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து பசுவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சற்று நேரத்தில் மாமா வந்தார். படலை நீக்கிக் குனிந்து பழுப்பு வாத்தின் அடியில் கையை விட்டார். அது சீறி, மணிக்கட்டைக் கவ்வியது. "இரு ஆத்தா, கோவிச்சுக்காத" என்று கெஞ்சினார். முட்டையைக் கல்லில் தட்டி, கண்ணை இறுக மூடி, அண்ணாந்து ஒரே மடக்கில் விழுங்கினார். குமட்டலை அடக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குழியை வைக்கோலால் மூடிவிட்டு, முட்டையோட்டை எருக்குழியில் புதைத்தார். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"மூலம் கண்ணு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "வாத்து முட்டைய சூடு ஆறதுக்குள்ள குடின்னு வைத்தியரு சொன்னாரு. உங்கத்தைக்குத் தெரிஞ்சா ஊரு பூரா தமுக்கு அடிச்சிருவா."

"அத்தை என்னையத் திருடின்னு நெனைக்கறாங்க மாமா."

அவர் முகம் மாறியது. அத்தை என்மேல் சந்தேகப்பட்டது அதுவரை அவருக்குத் தெரியாது. மூலத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் களியை உருட்டி வாயில் போடப் போனவர் நிறுத்தி, "முட்டைய நாந்தான் எடுத்தேன்" என்றார்.

அத்தை சிரித்தாள். "மருமவளுக்கு வக்காலத்தா? கவிச்சின்னா காத தூரம் ஓடறவரு நீங்க."

மாமா எழுந்து போய் உமிப்பானையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவந்தார். அவள் எதிரிலேயே உடைத்துக் குடித்தார். கண்ணில் நீர் தளும்பியது. துண்டை உதறிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அத்தை நெடுநேரம் எச்சில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொழுவத்துக்குப் போனாள். "பேரப்புள்ள எடுக்கப் போற வயசு. இந்த வயசுல ஒரு ஆம்பளைக்குப் பச்ச முட்ட எதுக்கு?" என்று பசுவிடம் கேட்டாள்.

மறுநாளிலிருந்து மாமா எங்கே போனாலும் அவளுக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. அவர் கடத்தூர் சந்தைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால், "யாருக்கு இந்தச் சோடிப்பு?" என்பாள். வயலில் களை எடுக்க வந்த பெண்களை ஒவ்வொருத்தியாக முறைத்தாள். சாப்பாடு குறைந்து, தூக்கம் போய், கன்னம் ஒட்டிவிட்டது. என்மேல் இருந்த சந்தேகத்தை அவள் மறந்தே போயிருந்தாள். ஒரு நாள் கிணற்றடியில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை. மாமாவுக்குக் கொடுத்த வாக்கை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூலமா?" என்றாள். "நெசமாவா? உங்க மாமன் சொல்லிக்குடுத்துச் சொல்றியா?"

"என் வயித்துப் புள்ள மேல சத்தியங்க அத்தை."

"ச்சீ, புள்ள மேல சத்தியம் பண்ணாத" என்று என் வாயைப் பொத்தினாள். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறியது. மாமா பயந்தது வீண்போகவில்லை. பொழுது சாய்வதற்குள் தெருவே விசாரித்தது. மூலத்துக்கு ஆகும் என்று ஒருத்தி கருணைக்கிழங்கு கொண்டுவந்தாள், இன்னொருத்தி துத்தி இலை கொண்டுவந்தாள். மாமா சில நாள் சாவடிப் பக்கமே தலைகாட்டவில்லை.

பழுப்பு வாத்து அந்தக் கோடையில் அடை உட்கார்ந்தது. வாத்து அடை காக்காது என்று ஊரே சொன்னது. அது தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கிக் குழியில் பரப்பிக்கொண்டு அசையாமல் கிடந்தது. புள்ளி வாத்தின் முட்டையை அத்தையே விடியலில் எடுத்துவந்து டம்ளரில் உடைத்து ஊற்றி மாமாவிடம் நீட்டுவாள். நீட்டிவிட்டு நகரமாட்டாள்.

"குடிச்சிக்கறேன், நீ போ" என்பார் அவர்.

"எருக்குழில ஊத்திருவீங்க. எம்முன்னால குடிங்க."

அவர் குடித்து முடித்த பிறகும் டம்ளரை வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பாள்.