செருப்புக் காலோடு திறந்த மடை

எனக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயிறு சரியில்லாமல் போகும். எங்கள் சர்ச்சில் திருவிருந்து கொடுக்கிற முதல் ஞாயிறு. மற்ற வாரங்களில் மைக் முன்னால் நின்று வேதபாடத்தைக் கணீரென்று வாசிக்கிறவன், அன்றைக்கு எல்லோரும் முழங்கால் போட எழுந்ததும் பைக் நிறுத்துகிற இடத்துக்கு நழுவிவிடுவேன். இரண்டு மாதம் பொறுத்த மனைவி கேட்டாள்: "அதென்னங்க, அப்பமும் திராட்சரசமும் குடுக்கிற அன்னிக்கு மட்டும் உங்களுக்கு கேஸ் ட்ரபிள்?"

வயிற்றுக்கு ஒரு கேடுமில்லை. கோளாறெல்லாம் வயலில்.

எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் பாயும். ஒரு நாள் பக்கத்து வயல்காரர் முறை. அவர் குடும்பத்து நிலத்தில் என் அப்பா கூலிக்கு உழைத்தவர். நான் வாத்தியாராகி, அதே நிலத்தை ஒட்டி இரண்டு மா வயல் வாங்கிவிட்டேன், அந்தப் பெருமை வேறு. பள்ளிச் சாப்பாட்டு நேரத்தில் வயலுக்கு வந்து எட்டிப் பார்த்தால், நட்ட பயிர் வெடித்த மண்ணில் வாடி நிற்கிறது. சுற்றிலும் ஆளில்லை. செருப்பைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் இறங்கி, என் மடையைத் திறந்துவிட்டேன். அரை மணி நேரம் பாய்ந்ததும் அவசரமாக அடைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

சாயங்காலம் பக்கத்து வயலில் பாதிதான் நனைந்திருந்தது. பழி நீர்பாய்ச்சி தலையில் விழுந்தது. ஊர் வயல்களுக்கெல்லாம் மடை திறந்து அடைப்பதுதான் அவர் பிழைப்பு. தூங்கிவிட்டார் என்று பக்கத்து வயல்காரர் சொல்ல, அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் அங்கேயே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். சே, நானெல்லாம் என்ன மனுசன்!

ஒரு வாரம் கழித்து அவரே என்னைத் தேடி வந்தார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் கேட்பார்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். பயம்தான். கூலிக்காரன் மகன் தண்ணீர் திருடினான் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் என்ன செய்வேன்?

மூன்றாவது திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை ஆயத்த ஆராதனை. யாருக்காவது தீங்கு செய்திருந்தால் அவரோடு ஒப்புரவாகிவிட்டுத் திருவிருந்துக்கு வாருங்கள் என்று போதகர் வழக்கம்போலத்தான் சொன்னார். எனக்கு என்னவோ என் முகத்தைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. மறுநாள் பிரசங்கம் தொடங்கும்போதே நழுவினேன். ஆனால் ஒளிந்து நிற்காமல் பைக்கைக் கிளப்பினேன். பக்கத்து வயல்காரர் வீட்டை மூன்று தடவை சுற்றினேன். மூன்றாவது சுற்றில் அவர் வீட்டு நாய்கூட அலுத்துப்போய்க் குரைப்பதை நிறுத்திவிட்டது.

வயல்காரரே வாசலுக்கு வந்து, "வாங்க சார், இன்னிக்கு உங்க கோயில் இல்லையா?" என்றார். உட்காரப் பயந்து நின்றபடியே சொன்னேன்: "அண்ணே, அன்னிக்கு உங்க முறைத் தண்ணியத் திருப்பினது நான்தான். அந்த மனுசன் மேல தப்பில்ல."

படித்தவர் செய்கிற வேலையா என்று ஒரு பாட்டம் திட்டினார். நாளைக்கே ஆளைத் திரும்பக் கூப்பிடுவதாகவும், இதை வெளியே சொல்லி என் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். காபி வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நடுக்கம் என்று இருந்தது.

திருவிருந்துக்கு இன்னும் நேரமிருந்தது. திரும்புகிற வழியில்தான் நீர்பாய்ச்சியின் வீடு. பெரிய வீட்டை நினைத்து இரண்டு மாதம் நடுங்கியவன், இந்த வீட்டை நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வண்டியை நிறுத்தினேன்.

வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"தெரியும் சார். மடையில செருப்புத் தடம் கிடந்துச்சு. இந்த வாய்க்கால் பக்கம் செருப்புப் போட்டு வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அப்படியானால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க மைக்குல வேதம் வாசிக்கிறவரு. நான் சொன்னா யாரு நம்புவா? அதான் உங்ககிட்டயே வந்து கேட்டேன்."