விரல் மரத்ததைச் சொல்லாதே

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் நைனா என் போனை வாங்கிப் பார்த்தார். டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை அதில் வரிசையாக எழுதியிருந்தேன். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது.

"மொதல் கேள்விய எடுத்துடு," என்றார்.

உடைந்த மணிக்கட்டில் பிளேட் வைத்து மூன்று மாதமாகியும் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் நுனிகள் ஏன் மரத்தே இருக்கின்றன? அதுதான் முதல் கேள்வி.

"அதுக்குத்தானே நைனா போய்க்கினு இருக்கோம்?"

"எக்ஸ்ரே காட்டப் போறோம், அவ்ளோதான். மரத்துப் போச்சுன்னு சொன்னா டெஸ்ட்டு எழுதுவாரு. போன தபா இருமினதுக்கே மார்ப படம் புடிச்சாங்க. இந்தத் தபா தும்மல் வந்தாக்கூட அடக்கிக்குவேன்."

முன் சீட்டுக்காரர் திரும்பிச் சிரித்தார். "பேசாம புத்தூர்ல எறங்கிக் கட்டு போட்டுக்கினு இருந்திருக்கலாம்."

நைனா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். அவர் வழுக்கி விழுந்த அன்று, நாட்டு வைத்தியமான புத்தூர் கட்டு வேண்டாம், தனியார் ஆஸ்பத்திரிதான் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். இழை அறுந்தால் அந்த இரண்டு விரல்களால்தான் முடிச்சுப் போட வேண்டும். விரல் தேறாவிட்டால் தறிக்குத் திரும்ப முடியாது.

பீஸ் கட்டி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் கம்ப்யூட்டரில் எக்ஸ்ரேயைப் பார்த்தபடி, வலி இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார்.

"லேது சார், பாகுந்தி சார்." வலி இல்லையாம், எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நைனா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு விரல் மரத்திருக்கு, சார்," என்றேன்.

டாக்டர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். நரம்பு டெஸ்ட், ஒரு ஸ்கேன்.

"சார், விரலை ஒரு தடவை தொட்டுப் பாக்கறீங்களா?"

"ரிப்போர்ட் வரட்டும்மா."

நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். மீதி நான்கு கேள்விகள் போனிலேயே இருந்தன. எங்கள் தொழிற்சாலையில் ஒரு சின்ன பாகத்தைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்காமல் மெஷின் சோதனைக்கு அனுப்ப மாட்டோம்.

டெஸ்ட்டுக்குப் பணம் கட்டும் வரிசையில் நைனா குமுறினார். "சொன்னேனா இல்லியா? வாயி நிக்கல ஒனக்கு." தோள் துண்டின் ஓரத்திலிருந்து இரண்டு நூல்களை உருவினார். "பாரு." முடிச்சு விழுந்தது. "ஆச்சா? வா, வூட்டுக்குப் போலாம்."

முடிச்சு சரியாகத்தான் இருந்தது. ஆனால் குனிந்து, விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு போட்டார். தறியில் என்னைத் திட்டிக்கொண்டே, வேறெங்கோ பார்த்துக்கொண்டே போடுகிறவர் அவர்.

"கண்ண மூடிக்கினு போடு, நைனா."

என்னை முறைத்தார். பிறகு இன்னும் இரண்டு நூல்களை உருவிக்கொண்டு கண்ணை மூடினார். நூல் நழுவித் தரையில் விழுந்தது. அது தெரியாமல் இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன.

"வுட்டுடு, நைனா," என்றேன்.

கண் திறந்தவர், விரல்களைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். வரிசை நகர்ந்தது. நான் சீட்டைக் கவுன்டரில் நீட்டினேன்.

"எந்த டெஸ்ட்டு மொதல்ல எடுக்கணுமாம், கேளு," என்றார்.