ஸ்பீக்கருக்குப் பின்னால் இருபத்திரண்டு மூட்டை

2007 செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.30 பால். 6.00 பதிவறையைத் திறந்து இரண்டு ஸ்பீக்கர்களையும் போட்டு இருபது நிமிடம் சூடாக விட்டேன். 6.20 நூல் பிடித்தேன்: ஸ்பீக்கர்களுக்கு நடுவே நாற்பத்திரண்டு அங்குலம், ஒவ்வொன்றிலிருந்தும் என் நாற்காலியின் தலைமட்டத்துக்கு நாற்பத்திரண்டு அங்குலம். 6.30 சோதனைக்கான இரைச்சல் ஒலியை ஓட்டி மீட்டரில் பார்த்தேன். இடதும் வலதும் சமம். என் டைரியில் அன்றைய பக்கத்தில் காலை எட்டு மணி வரை எழுதியிருப்பது இவ்வளவுதான். அதற்கு முந்தைய இருநூறு பக்கங்களிலும் ஏறத்தாழ இதே வரிகள். அந்த நூல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொத்தனார்கள் சுவர் பிடிக்கும் சிவப்பு நூல், இரண்டு முடிச்சு. அதை எனக்குக் கொடுத்தவர் மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நெல் விவசாயம். எனக்கு அந்த வருடம் நாற்பத்து நான்கு. பெண்ணாடம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் ஸ்டோரில் பத்தொன்பது வருடம் இருப்பு எழுதினேன். 2006 கடைசியில் அதை விட்டுவிட்டு, சிதம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னறையைப் பதிவறையாக்கினேன். ஒரு வருடம் பார்ப்பது, நடக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வேறு ஆலை வாசலில் போய் நிற்பது என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

2007 ஜனவரியில் ஸ்பீக்கர் வாங்கச் சென்னைக்குப் போனபோது, பெட்டி தூக்க ஆள் வேண்டுமே என்று மச்சானை அழைத்துக்கொண்டேன். நான் வாங்கப் போனது பாட்டு கேட்கும் ஸ்பீக்கர் அல்ல. பதிவு செய்ததில் எது கூட, எது குறைவு என்று பார்த்துத் திருத்துவதற்கான மானிட்டர் ஸ்பீக்கர். கடைக்காரர் இரண்டு ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நாகஸ்வரப் பதிவை மாற்றி மாற்றிப் போட்டார். முதல் ஜோடியில் தவிலுக்குக் கல்யாண வீட்டுக் களை வந்தது. இரண்டாவதில் அதே தவில் வெறும் தவிலாக இருந்தது. வாசித்தவர் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. நான் இரண்டாவதைக் காட்டினேன். மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"இது நல்லா பாடுதே மாப்ள. அத விட்டுட்டு இந்த அழுமூஞ்சியப் போயி எடுக்கறியே."

"நல்லா பாடக் கூடாது மச்சான். உள்ளதச் சொல்லணும், அவ்ளோதான்."

"உள்ளதச் சொல்றவன எவன் வூட்ல வெச்சுக்குவான்?" என்றார் அவர். கடைக்காரர் சிரித்துவிட்டார். ஆனாலும் திரும்பும் பேருந்தில் ஒரு பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவர் மச்சான்தான். திண்டிவனத்தில் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை. "கொழந்தைய சீட்ல உட்டுட்டு எப்பிடி எறங்கறது?" என்றார்.

பிப்ரவரி முதல் வாரத்தில் அவர் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துப் புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார். சம்பா அறுவடை அப்போதுதான் முடிந்திருந்தது. சாப்பாட்டுக்கும் புதுமனை விருந்துக்கும் என்று எடுத்து வைத்த நெல்லுக்கு அவரிடம் இடம் இல்லை. தங்கை வீட்டில் இடம் இருந்தது. நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் இருபத்திரண்டு மூட்டை வந்து இறங்கி, பதிவறையின் இரண்டு மூலைகளிலும் பின்சுவர் ஓரமும் அடுக்கப்பட்டுவிட்டது. கதவைத் திறந்ததும் சணல் வாசனையும் நெல் சுணையும் முகத்தில் அடித்தன. எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. மச்சானிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சமாதானம் போல அவர் நீட்டியதுதான் அந்தச் சிவப்பு நூல். "ஸ்பீக்கர சரியா வெக்க அளவு வேணும்னியே, இந்தா."

பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, ஸ்பீக்கர்களுக்கு அளவு வைத்தேன். காலை ஏழுக்குத் தொடங்கி மாலை நாலு வரை. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு சாய்த்து, பின்பக்கம் அடித்தாளம் என்று நான் சொல்லும் கனத்த ஒலிக்கான (பேஸ்) சிறு திருகு எந்தக் கோட்டில், எல்லாவற்றையும் முயன்று பார்த்து முடிவு செய்தேன். தரையில் பெயின்டால் நான்கு மூலைக்குறி போட்டேன். டைரியில் இரண்டரைப் பக்கம் எழுதினேன். அறையின் நீள அகலம், ஜன்னல் மூடியிருந்தது, மின்விசிறி நின்றிருந்தது, நான் பருத்திச் சட்டை போட்டிருந்தது வரை அதில் இருக்கிறது. மூட்டைகள் இல்லை. அவை ஒலியைச் சேர்ந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. அவை மச்சானைச் சேர்ந்தவை.

மார்ச்சிலிருந்து வேலை வந்தது. சிதம்பரத்தில் நடனம் சொல்லிக்கொடுப்பவர்கள் அதிகம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பக்கவாத்தியக்காரர்களைக் கூட்டி வர எல்லோராலும் முடியாது. பாட்டையும் ஜதியையும் மிருதங்கத்தையும் பதிந்து சி.டி.யாகக் கொடுத்தால் அதை ஓட்டி ஆடிவிடலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடனப் பள்ளி வைத்திருந்த டீச்சர் என்னிடம் வந்தார். முப்பது மாணவிகள், வருடத்துக்கு ஐந்தாறு நிகழ்ச்சி. முதல் இரண்டு சி.டி.யும் அவருக்குப் பிடித்துப்போயின. இவர் நிலைத்துவிட்டால் மற்றவர்களும் வருவார்கள், நான் எந்த ஆலை வாசலுக்கும் போக வேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

ஜூன் 9 அன்று, வலது ஸ்பீக்கரின் உச்ச ஒலி வரும் சிறிய குமிழுக்குள் ஓர் அந்து சிக்கியிருந்தது. நெல்லில் வரும் சாம்பல் நிறப் பூச்சி. நான் அதை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து மச்சான் சுரைக்காயோடு உள்ளே வந்தார். நான்கு மாதமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் கத்தினேன். "இது நெல்லு குடோன் இல்ல மச்சான். நான் இதுலதான் பொழைக்கணும்." அவர் சுரைக்காயைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் காலியாகப் போகும் ஏதாவது மினிலாரியோடு வந்து இரண்டு மூன்று மூட்டையாக எடுத்துப் போனார். ஆட்களை விட்டுத் தூக்க வைத்துவிட்டு வாசலிலேயே நிற்பார். தங்கை காபி கொடுத்தால் அங்கேயே குடிப்பார். ஆகஸ்ட் 12ஆம் தேதி கடைசி மூட்டை போனது. அறையைக் கழுவித் துடைத்தேன். இனி இது ஸ்டுடியோ என்று நினைத்தேன்.

ஜூலை சி.டி. பற்றி டீச்சர் கொஞ்சம் இழுத்தார். ஆகஸ்டில் நேராகவே குறை சொன்னார். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம், அந்தக் கனத்த 'தொம்', அவர் கூடத்தில் கேட்கவே இல்லையாம். என் அறையிலோ அது தேவைக்கு மேல் கேட்டது. நான் பித்துப் பிடித்தவன் போல ஆனேன். பெயின்ட் குறியை விட்டு ஸ்பீக்கர்களை ஓர் அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே என்று நகர்த்தினேன். அடியில் ரப்பர் வைத்தேன், எடுத்தேன். சேத்தியாத்தோப்பு போகும் பேருந்தில் ஏறி, ஓட்டுநரைக் கெஞ்சி என் சி.டி.யைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, புவனகிரியில் இறங்கித் திரும்பி வந்தேன். பேருந்திலும் 'தொம்' இல்லை. ஸ்பீக்கர்தான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டி வேறு ஜோடி விசாரிக்கத் தொடங்கினேன். மனைவி சொன்னாள்: "குட்டி போட்ட பூனையாட்டம் அதத் தூக்கிக்கினு மூல மூலயா அலையிறீங்க. அது வாய் தெறந்து அழாததுதான் பாக்கி."

செப்டம்பர் 7க்கு வருகிறேன். அன்று காலை எட்டே கால் மணிக்கு டீச்சரிடமிருந்து போன். முந்தின நாள் ஒத்திகையில் என் புது சி.டி.யைப் போட்டிருக்கிறார். நான்கு பெண்கள் தாளம் தவறியிருக்கிறார்கள்.

"பசங்க கால வெக்கறதுக்குத் தொம்முன்னு ஒண்ணு கேக்கணும் சார். உங்க சி.டி.ல டிக்கு டிக்குன்னு கெடியாரம்தான் ஓடுது. அடுத்த சனிக்கிழம சதுர்த்திக்கு ப்ரோக்ராம். திங்கக்கிழம கைக்கு வரலன்னா நான் மெட்ராஸ்ல பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்ள அதில் தப்பு எதுவும் இல்லை. போனை வைத்துவிட்டு அறைக்குள் வந்து, யாரோ கேட்டது போல, "என்னதான் செய்யிறது?" என்று சத்தமாகச் சொன்னேன். பெருக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "மெதுவா பேசுங்க. மூட்ட போனதுலேர்ந்து இந்த ரூம்ல பேசுனா கெணத்துக்குள்ள பேசுற மாதிரி கீது."

நான் கை தட்டிப் பார்த்தேன். மூலையிலிருந்து ஒரு கனத்த முனகல் திரும்பி வந்தது. இன்னொரு முறை தட்டினேன். பிறகு டைரியை எடுத்தேன். ஜூன் 17: மச்சான் வந்து போனார். ஜூன் 18: அடித்தாளம் சற்றுத் தூக்கல், குறைத்தேன். ஜூலை 1: மச்சான் வந்து போனார். ஜூலை 2: அடித்தாளம் மீண்டும் தூக்கல், குறைத்தேன். ஆகஸ்ட் 12, 13 வரை இப்படியே. என் கையெழுத்தில், என் தேதிகளோடு, அடுத்தடுத்த வரிகளில் இருந்தது. வெறும் மூலை அடித்தாளத்தைப் பெருக்கிக் காட்டும்; நெல் மூட்டை அதை விழுங்கும். என் கைமீட்டர் மொத்தச் சத்தம் எவ்வளவு என்றுதான் சொல்லும், அது அடியில் பெருகியதா மேலே பெருகியதா என்று சொல்லாது. அறையில் கூடுதலாகக் கேட்டதை நான் ஒவ்வொரு வாரமும் குறைத்தேன். குறைத்தது சி.டி.யோடு கடலூருக்குப் போனது. கூடியது சிதம்பரத்திலேயே நின்றுவிட்டது.

காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் போகும்போது என்ன சொல்வது என்று நான்கு விதமாக யோசித்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. மச்சான் புதுச் சுவருக்குக் குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் குழாயைக் கீழே போடவில்லை.

"இன்னா மாப்ள, இங்க அந்து பறக்குதான்னு பாக்க வந்தியா?"

"மூட்ட வேணும் மச்சான்."

"எதுக்கு? குடோன் இல்லன்ன?"

சொன்னேன். பாதியில் நிறுத்தாமல் முழுவதும் சொன்னேன். தண்ணீர் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப ஆறு மாசமா என் நெல்லு ஒனக்கு சம்பளம் இல்லாம வேல பாத்திருக்குது. அத நீ கத்தி வெரட்டிட்ட."

"ஆமாம் மச்சான். தப்பு என்னுதுதான்."

அவர் போய்க் குழாயை அடைத்துவிட்டு வந்தார். "ஒம்போது மில்லுக்குப் போயிடுச்சி. ரெண்டு மழயில நனைஞ்சி மொளச்சிப் போச்சி. பதினொண்ணு பக்கத்தூட்டுக் கொட்டாயில கெடக்குது" என்றார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை. ஜூனில் அந்த மூட்டைகளை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

"மீதிக்கு மில்லுல உமி கட்டிக்கறேன். உமி ஆவுமா, இல்ல அதுக்கும் மீட்டர் வெக்கணுமா?"

"வெச்சித்தான் பாக்கணும் மச்சான்."

அவர் சிரித்துவிட்டார். பஸ் ஏற்றிவிட வந்தபோது கேட்டார்: "அந்த அழுமூஞ்சி ஸ்பீக்கர விக்கப் போறன்னு தங்கச்சி சொல்லிச்சி. அது மேல தப்பு இல்லியே?"

"இல்ல. அது உள்ளதத்தான் சொல்லிச்சி. மூலயில ஒண்ணும் இல்லன்னு ரெண்டு மாசமா சொல்லிக்கினே இருந்திச்சி. நான்தான் கேக்கல."

இதை எழுதுவது 2012இல், கடலூரில், வேறொரு அறையில். சுவர்களில் அளவெடுத்துச் செய்த பஞ்சுப் பலகைகள் இருக்கின்றன. அவற்றை யாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போக மாட்டார்கள். மச்சான் மாதம் ஒருமுறை வந்து, "உமியத் துணியில கட்டி செவுத்துல மாட்டியிருக்கான், இதுக்கு ஸ்டுடியோன்னு பேரு" என்று பலகையைத் தட்டிப் பார்ப்பார். எந்தக் குறையும் இல்லாத அறை. ஆனாலும் தினமும் காலையில் உள்ளே நுழைந்ததும் கை தட்டிப் பார்க்கிறேன். எது திரும்பி வருகிறது என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்கிறேன். போகும் வீடுகளிலும் கை தட்டத் தொடங்கிவிட்டேன் என்று மனைவி குறைப்படுகிறாள்.

2007இல் அந்தத் திங்கட்கிழமை டீச்சர் தன் கூடத்தில் நான் திருத்திக் கொடுத்த சி.டி.யைப் போட்டு, போனையே ஸ்பீக்கர் பக்கம் நீட்டிக் காட்டினார். தொம் கேட்டது; அதன் மேல் முப்பது ஜோடிக் கால்களும் கேட்டன. அது செப்டம்பர் 10. செப்டம்பர் 8, சனிக்கிழமை காலை அது எதுவும் எனக்குத் தெரியாது. 5.10க்கு எழுந்தேன். பால் வாங்கப் போகவில்லை. நூலை எடுக்கவில்லை. வாசலில் மினிலாரி வந்து நின்றது. மச்சான் இறங்கி, வழக்கம் போல வாசற்படியிலேயே நின்றுகொண்டு, தூக்கும் ஆட்களை உள்ளே போகச் சொன்னார். நான் அவர்களை நிறுத்திவிட்டுப் போய் முதல் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்பது போல அவரைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். அன்றைய பக்கத்தின் முதல் வரி: நெல் 11, உமி 11, ஆக மூட்டை 22. இரண்டாவது வரி: மச்சான் உள்ளே வந்தார்.