ஓல்டன் கிறீன் வேலி

நம்பாதவர்கள் லண்டனில், வால்தம்ஸ்டோவில் பஸ் ஏறி, ஓல்டன் கிறீன் என்ற தரிப்பில் இறங்கி, டொலறசின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கலாம். அவள் பொய் சொல்லுகிற பிறவி இல்லை. கோபக்காரி, அது வேறு. போன நவம்பரில் நடந்ததை அவள் சொன்னபோது, எழுந்துபோய்ப் பின்கதவை அறைந்து சாத்தினாள். பயத்திலா, கோபத்திலா என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

ஓல்டன் கிறீன் இன்று ஒரு பஸ் தரிப்பின் பெயர் மட்டும்தான். ஒரு காலத்தில் அது ஊர். லண்டன் எங்கோ தூரத்தில் இருந்த நாட்களில் நாற்பது குடி, ஒரு கிறிஸ்தவக் கோயில், ஒரு குளம், நடுவில் பொதுப் புல்வெளி. எவருடைய மாடும் அதில் மேயலாம். பல நூறு வருடம் மேய்ந்தது. பிறகு ஒரு பிரபு, சட்டம் தன் பக்கம் என்று சொல்லி, அதை வேலி போட்டு அடைத்தான். அடுத்து வந்த ரயில் பாதை ஒரு துண்டைத் தின்றது. செங்கல் வீடுகள் மீதியைத் தின்றன. போர்க்காலக் குண்டில் கோயிலும் போனது. எல்லாரும் தின்று ஏப்பம் விட்டபின் மிஞ்சியது, டொலறசின் பின்வளவுக்கு அப்பால் ஒரு முக்கோணத் துண்டுப் புல்.

அந்தத் துண்டில்தான் அவள் கணவன் எட்வேட் கண் வைத்தான்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வேலி என்றால் ஒரு விசர். ஒரு முழக் காணிக்காகச் சாகும்வரை பேசாமல் இருந்த சகோதரங்கள் உண்டு. வருடத்துக்கு ஒரு சாண் வேலிக் கதியாலைத் தள்ளி நட்டால், பத்து வருடத்தில் ஒரு தென்னைக்கு இடம் வரும். அந்த வித்தையை எட்வேட் லண்டனுக்கும் கொண்டு வந்திருந்தான். சாண் கணக்கு அவனுக்குப் போதவில்லை. முழுத் துண்டையும் வளைக்க நினைத்தான்.

“ஆரும் கேக்காத நிலம். சும்மாதானே கிடக்குது?” என்றான்.

“மயிலிட்டியில எங்கட காணியும் சும்மா கிடக்குதெண்டுதானே ஆமிக்காரன் கம்பி அடிச்சவன்?”

“அது வேற, இது வேற.”

டொலறசுக்கு உடம்பு பற்றி எரிந்தது. யாழ்ப்பாணத்தில் அவளுடைய தாய்வீட்டு வளவு இருபத்தேழு வருடம் ராணுவ முட்கம்பிக்குள் கிடந்தது. அவளுடைய அப்பா கம்பிக்கு வெளியே அகதி முகாமில் இருந்தே செத்துப்போனார். அந்த வீட்டு மருமகன் இப்போது அடுத்தவன் நிலத்துக்கு வேலி போடுகிறான்! அதுவும் ஞாயிறு பூசை முடிந்த கையோடு.

ஐந்து கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் குழி வெட்டி, சீமெந்து ஊற்றி நட்டான்.

திங்கள் காலையில் ஐந்தும் புல்லில் கிடந்தன, அடியில் சீமெந்துக் கட்டியோடு. ஆனால் குழிகளைக் காணவில்லை. வெட்டிய இடத்தில் புல் முளைத்திருந்தது. ஒரே இரவில்.

எட்வேட் நேரே பக்கத்து வீட்டு வத்சலாவிடம் சண்டைக்குப் போனான்.

“உங்க கட்டையைப் பிடுங்கி நான் என்ன அடுப்பா எரிக்கப் போறேன், அண்ணா?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள் அவள். திருச்சிக்காரி. வாய்க்கு வாய் கொடுப்பாள்.

புதன்கிழமை திரும்ப நட்டான். வியாழன் காலையில் திரும்பவும் கிடந்தன. இந்தமுறை ஈரச் சீமெந்தில் ஒரு தடம் பதிந்திருந்தது. இரண்டாகப் பிளந்த குளம்பு.

“எப்பிங் காட்டு மானாயிருக்கும்,” என்றான் எட்வேட்.

“மாட்டுக் குளம்பு எனக்குத் தெரியாதோ?”

அவன் கேட்கவில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டே தீருவேன் என்று நின்றான். வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை நட்டு, பலகையும் அடித்தான்.

சனிக்கிழமை பின்னேரம் நாலேகால். வெளியே இருட்டிவிட்டது. எட்வேட் வேலைக்குப் போயிருந்தான். டொலறஸ் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

சர்க்... சர்க்... சர்க்...

மாடு புல் கடித்து இழுக்கிற சத்தம்.

சாணி மணமும் பச்சைப்பால் மணமும் ஒன்றாக வந்தன. கூடவே ஒரு பெண் குரல், தாழ்வாக, எதையோ கூப்பிட்டது. சொல் விளங்கவில்லை. ஆனால் மாட்டைத்தான் கூப்பிடுகிறது என்பது விளங்கியது.

டொலறஸ் பின்கதவைத் திறந்தாள்.

மாடு இல்லை.

வேலிக்கு மேலாக ஒரு கயிறு விறைத்து நின்றது. பலகை விளிம்பில் இரண்டு கைகள் அதைப் பிடித்திருந்தன. வெடித்த, வேலை செய்த கைகள். அவற்றுக்குப் பின்னால் ஆள் இல்லை. கட்டை முனகியது...

பயம்தான் முதலில் வந்தது. அதை ஏறி மிதித்துக்கொண்டு கோபம் வந்தது, அந்தக் கைகள் மேல் அல்ல, புருசன் மேல்.

“விடு! நானே பிடுங்கித் தாறன்!” என்று கத்தினாள்.

கயிறு தொய்ந்தது. கைகள் போய்விட்டன.

அவள் சுத்தியலை எடுத்து வந்து பலகைகளை அடித்து உடைத்தாள். சத்தம் கேட்டு வத்சலா ஓடிவந்தாள். “என்னக்கா, இருட்டுல?” என்று கேட்டவள், டொலறசின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் கேளாமல் கை கொடுத்தாள். இருவருமாக ஐந்தையும் சாய்த்துவிட்டு, குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்தார்கள்.

ஐந்தரைக்கு எட்வேட் வந்தான். வேலி கிடந்த கோலத்தைப் பார்த்தான்.

“நாளைக்கே கொங்கிறீற் கட்டை நடுவன். ஆர் பிடுங்குவினமெண்டு பாப்பம்!” என்று குமுறிக்கொண்டு டோர்ச்சோடு வெளியே போனான்.

டொலறஸ் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “இந்த மனுசன் துலைஞ்சு போகட்டும்,” என்று வாய்விட்டே சொன்னாள்.

வெளியே டோர்ச் அணைந்தது.

சத்தமே இல்லை...

பிறகு, கயிறு இறுகுகிற சத்தம்.

டொலறசும் வத்சலாவும் ஓடினார்கள். எட்வேட் புல்லில் முழங்காலில் கிடந்தான். இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருமினான். கயிறு எதையும் காணவில்லை. டொலறஸ் தூக்கப் போனாள்.

அவன் அவளைப் பார்த்தான்.

பார்த்துவிட்டு... பின்னால் நகர்ந்தான்.

அன்றோடு வேலிப் பேச்சு நின்றது. அவன் சட்டையின் மேல் பித்தானையும் பூட்டிக்கொண்டு திரிந்தான். படுக்கையைச் சின்ன அறைக்கு மாற்றி, உள்ளே தாழ்ப்பாள் போட்டான். வேலியைப் பிடுங்கிய கோபம் தீரட்டும் என்று டொலறஸ் விட்டுவிட்டாள்.

டிசம்பர் தொடக்கத்தில், அவளோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற ஷெறோன் என்ற வெள்ளைக்காரியிடம் பேச்சுவாக்கில் புல்தரையைப் பற்றிச் சொன்னாள். ஷெறோனின் குடும்பம் ஓல்டன் கிறீன் ஊராக இருந்த காலந்தொட்டு அங்கேயே இருப்பது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

பிரபு வேலி அடிக்க வெளியாட்களைக் கொண்டுவரவில்லை, ஊர்க்காரர்களையே கூலிக்குப் பிடித்தான் என்றாள் ஷெறோன். ஒருவன் தன் வீட்டு மாடு மேய்ந்த இடத்தையே அடைத்தான். மாடு போனது. அந்தப் பனிக்காலம் பாலில்லாமல் அவனுடைய பிள்ளையும் போனது. ஒருநாள் காலை அவனை வேலிக் கட்டையில் கண்டார்கள், கழுத்தில் மாட்டுக் கயிற்றோடு. பிரபுவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. மெத்தையில் படுத்துக் கிழவனாகச் செத்தான்.

“கயிறு போட்டது ஆர்?” என்று கேட்டாள் டொலறஸ்.

“அவனுடைய மனைவி,” என்றாள் ஷெறோன்.

டொலறஸ் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சின்ன அறையின் கதவில் தட்டினாள்.

“இஞ்சாருங்கோ. அண்டைக்குப் புல்லுக்க ஆரைக் கண்டனீங்கள்?”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

“உன்னைத்தான்,” என்றான் எட்வேட்.