பெருசு படுத்துக்கிச்சு

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள் இருந்தன. மொபெட்டுக்குச் சின்னது என்று பேர், காருக்குப் பெருசு. மாமனாருக்கு மட்டும் இந்தப் பேச்சு பிடிக்காது. "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்ட இருக்கையில ஊட்டுக்கு இன்னொரு பெருசு எதுக்கு?" என்பார்.

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் முதலாளி பெங்களூரோடு போய்விடுவதென்று முடிவுசெய்து, தன்னுடைய பழைய வெளிநாட்டுக் காரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு என்று பிழைக்கிற என் கணவர் அதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். தோல் சீட்டு. முன்பக்கம் முழுக்க மரம் இழைத்திருந்தது. கதவைச் சாத்தினால் சாத்தியதே தெரியாது. பணக்காரன் ஒரு பொருளை மலிவாகக் கொடுத்தால் ஏன் என்று கேட்க வேண்டும். நான் கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

முதல் மழையிலேயே பின்கதவுக் கண்ணாடி 'பொத்'தென்று கதவுக்குள் இறங்கிவிட்டது. உரச் சாக்கைக் கிழித்து ஒட்டினோம். பிறகு ஏசி, குளிருக்குப் பதில் என் காலில் தண்ணீர் ஊற்றியது. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, அணைக்க ஆளில்லை. ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, உள்ளே மூடியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல எஞ்சினு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

கடைசியில் வந்ததுதான் பெரிய நோய். அந்தக் காருக்குக் கம்பிச் சுருளுக்குப் பதிலாக, நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பைகள். அவை ஒன்று மாற்றி ஒன்று கசிந்தன. இரவில் நிமிர்ந்து நிற்கிற கார் விடியும்போது ஒருபக்கமாகத் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஒரு பையின் விலைக்கு எங்கள் ஊரில் இரண்டு கறவை மாடு வாங்கலாம். மிளகு விற்ற காசு முன்பக்கத்துக்குப் போனது. காபி விற்கப்போகிற காசு பின்பக்கத்துக்குக் காத்திருந்தது. லாரியில் ஏற்றிக் கீழே சேலத்துக்குக் கொண்டுபோகவும் கேட்டுப் பார்த்தோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாக இருந்தது.

இதெல்லாம் என் கணவரின் கவலை. என் கவலை வேறு. கல்யாணத்துக்கு முன்பு நான் லேப் டெக்னீஷியன் படித்திருந்தேன். இப்போது சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வாரநாட்களில் அங்கேயே தம்பி வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. கணவரும் சரியென்றுதான் சொன்னார், ஒரே ஒரு நிபந்தனையோடு. அவரே காரில் கொண்டுபோய் விடுவார்.

"பஸ்ல போயிக்கிறனுங்க" என்றேன்.

"கார வாசல்ல நிறுத்திக்கிட்டுப் பொண்டாட்டியப் பஸ்ல அனுப்பிச்சான்னு நாலு பேரு பேசறதுக்கா? ரெண்டு நாள் பொறு. பெருசு எந்திரிச்சிரும்."

அது எழவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருமுறை தவணை கேட்டு வாங்கினேன். வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஏற்காடு வழியாகச் சேலம் போகிற பஸ் தினமும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். ஹாரன் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்பேன். கை நீட்டினால் நிற்கிற பஸ். ஆனால் நீட்ட முடியாது. சண்டை போட்டுக்கொண்டு போனால் திரும்பி வருகிற வழி மூடிவிடும், அந்த வீட்டில் அப்படித்தான். சேலத்துக்காரர்கள் காற்று வாங்க ஏறி வருகிற மலையில் எனக்கு மூச்சு முட்டியது. அடுக்கிய புடவைகளோடு பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது.

சனிக்கிழமை, சேலத்திலிருந்து வந்த மெக்கானிக்கும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். நான் சிக்னல் கிடைக்கிற சவுக்கு மரத்தடிக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டேன். அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னேன். "பெருசு படுத்துக்கிச்சு சாமி. காத்தே நிக்க மாட்டேங்குது. சேலத்தாளு வந்து பாத்துட்டுக் கைய விரிச்சிட்டாரு. இனித் தேறாதாட்ட இருக்குது." அவன், "ஐயோ, எப்பக்கா?" என்றான். அதோடு லைன் போய்விட்டது. காருக்கு இவன் இவ்வளவு பதறுகிறானே என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. அம்மா, தம்பி, சித்தி, இன்னும் நாலைந்து சொந்தக்காரர்கள். தம்பி கையில் இலையில் சுற்றிய ரோஜா மாலை. சித்தி இறங்கும்போதே தலையில் கைவைத்து, "எங்களையெல்லாம் உட்டுப்போட்டுப் போயிட்டீங்களா அண்ணா" என்று ஆரம்பித்துவிட்டாள்.

மாமனார் வாசலில் காயப்போட்ட காபிக் காயைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். சித்தி அவரைப் பார்த்தாள். குரல் அந்தரத்தில் நின்றது.

"ஏன் அம்மிணி நிறுத்திப்போட்டே? வந்ததுக்கு முழுசாப் பாடிரு" என்றார் அவர்.

விஷயம் விளங்க வெகுநேரம் ஆயிற்று. விளங்கியதும் அம்மா அழுதாள், மற்றவர்கள் சிரித்தார்கள். தம்பி மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றான். காபி குடித்தார்கள். என் கணவர் மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கார், ஒருபக்கம் தரையைத் தொட்டபடி, எல்லோருக்கும் நடுவில் கிடந்தது.

வேனைத் திருப்பி நிறுத்தினார்கள். வந்தவர்கள் ஏறினார்கள். ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பேசியது.

"ஏனுங்க மாமா, சாவுன்னு வந்த வண்டி வந்த ஆளோடயே திரும்பக் கூடாதுங்களாமா. அந்த ஊட்டு ஆளு ஒண்ணு கூடப் போகோணுமாமா?"

சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாங்கிய சம்பிரதாயத்துக்கும் மாமனாரைத்தான் கேட்பார்கள். அவர் துழாவிய காலை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கடைசியாகத் தன் மகனைப் பார்த்தார்.

"ஆமா, இருக்குது" என்றார். "அப்படிப் போகலீன்னா வண்டி மறுக்கா வரும். அப்ப நெசமாவே என்னையத் தேடித்தான் வரும். போய்ப் பெட்டிய எடுத்துட்டு வா கண்ணு."

அப்பன் உயிர் விஷயத்தில் எந்த மகன் குறுக்கே பேசுவான்? என் கணவரே பெட்டியைத் தூக்கி வந்து வேனில் வைத்தார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்குப் பாவமாகவும் இருந்தது.

நாலைந்து கொண்டை ஊசி வளைவு இறங்கினோம். முகத்தில் காற்று அடித்தது. தம்பி மெல்ல என் பக்கம் குனிந்தான்.

"அக்கா, நம்ம பக்கம் இப்படி ஒரு சாங்கியம் நான் கேட்டதே இல்லியே?"

"மலையில உண்டு சாமி" என்றேன். "இன்னிக்கிருந்து."