மாத்து ஆள்

ராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளை, சலங்கைச் சத்தம்... இதெல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க. எனக்கு நடந்தது பட்டப்பகல்ல. சுள்ளுன்னு வெயில். மணி ரெண்டு நாப்பத்தொண்ணு. அதெப்படி இவ்வளவு சரியாச் சொல்லுதேன்னு கேப்பீங்க. நேரம் குறிக்கதுதான் என் வேலை. நம்பினா நம்புங்க, இல்லைன்னா விடுங்க. சண்டை போடத் தெம்பு இல்ல.

என் பேரு மதுமதி. ஜெல் தடவி ஸ்கேன் எடுப்பாங்கல்லா, அந்த ஸ்கேனை இப்போ உள்ளங்கை அகலத்துல ஒரு பட்டையா ஆக்கிட்டாங்க. நெஞ்சுல ஒட்டிட்டாப் போதும். நோயாளி அவங்க வீட்டுல இருக்க, இதயம் துடிக்கது என் டேப்லெட்ல தெரியும். ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்புன பன்னிரண்டு இதய நோயாளிகளை, விக்கிரமசிங்கபுரத்துல ஒரு வாடகை ரூம்ல உக்காந்து நான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒருத்தருக்குத் துடிப்பு விழுந்தா அஞ்சு நிமிஷத்துல ஆம்புலன்ஸ் கிளம்பணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஏழாம் நம்பர், ஐயம்பெருமாள் அண்ணாச்சி. நூல் மில்லுல முப்பத்தாறு வருஷம் வேலை பாத்து ஓய்ஞ்சவரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டை ஒட்டப் போனேன்.

"இதை எப்ப தாயி கழட்டணும்?"

"பத்து நாளைக்குக் கழட்டவே கூடாது அண்ணாச்சி."

சிரிச்சாரு. "மில்லுலயும் இதே கததான். மாத்து ஆள் வராம மிஷினை விட்டு நகரக் கூடாது. வீட்டுல எழவே விழுந்தாலும் சரி, அடுத்த ஷிப்டுக்காரன் வந்து நின்னாத்தான் போவணும்."

அடுப்படியில இருந்து அவரு வீட்டம்மா, பார்வதியம்மாள் மதினி, "ஆமா, அந்த மிஷினைப் பாத்த பார்வையில பாதி என்னையப் பாத்திருந்தா புண்ணியமாப் போயிருக்கும்"னாக.

கழட்டக் கூடாதுன்னு சொன்னேனே தவிர, மறுநாளே கழட்டிட்டாரு. ஆத்துல முங்கி எந்திரிக்காம அவருக்குப் பொழுது போவாது. சனிக்கிழமை காலையில 9.40க்கு ஏழாம் நம்பர் துடிப்பு எண்ணிக்கை பூஜ்யம். பதறி அடிச்சு ஸ்கூட்டியில ஓடினேன். மனுஷன் படித்துறையில இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, "வா தாயி, தண்ணி என்னா சொகமா இருக்கு!"ங்காரு. பட்டை துண்டுக்குள்ள மடிச்சு இருக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு... என்ன ஏசியும் பிரயோசனம் இல்ல. கடைசியில ஜெல் அட்டை ஒரு கட்டு குடுத்து, திரும்ப ஒட்டுதது எப்படின்னு சொல்லிக் குடுத்தேன். தினம் 9.40க்குக் கழட்டுவாரு. 10.15க்கு ஒட்டிருவாரு. அட்டையில உரிச்ச காகிதத்தை நாலா மடிச்சு சன்னல்ல வச்சிருவாரு. தரையில குப்பை போடாதது மில்லுப் பழக்கமாம்.

வியாழக்கிழமை.

காலை 9.40. ஏழாம் நம்பர் பூஜ்யம். நோட்டுல 'குளியல்'னு எழுதினேன். படத்தைத் திறந்து பாக்கல. பட்டை கழண்டிருந்தா வெறும் கருப்பாத் தெரியும். இதயம் நின்னிருந்தா, நின்ன இதயம் தெரியும். ஒரு தட்டு தட்டியிருந்தாப் போதும்...

தட்டல.

10.15க்குத் துடிப்பு வரல. 11.30க்குப் போன் அடிச்சேன். எடுக்கல. மதினி காலையிலயே முக்கூடலுக்குக் கல்யாண வீட்டுக்குப் போறதாச் சொல்லியிருந்தாக, இவரு டீக்கடையில கத பேசிக்கிட்டு இருப்பாருன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். எனக்கு வேற பதினோரு பேரு இருந்தாங்க.

2.41. ஏழாம் நம்பர்ல துடிப்பு வந்துட்டு.

அப்பாடான்னு படத்தைத் திறந்தேன்.

அது அண்ணாச்சி இதயம் இல்ல.

அவருக்கு வீங்கிப்போன இதயம். இத்தனை நாளாப் பாத்தவளுக்குத் தெரியாதா? இது சின்னது. நிமிஷத்துக்கு முப்பத்தொண்ணு. இருபத்தெட்டு. இருபத்தஞ்சு...

ஒரு கையில ஆம்புலன்ஸுக்குத் தட்டிவிட்டேன். மறு கையில அவருக்குப் போன். 2.43. முதல் மணியிலயே எடுத்துட்டாரு.

"அண்ணாச்சி, பட்டையை யாருக்கு ஒட்டியிருக்கீங்க?"

"உங்க மதினிக்கு."

பின்னால 'ங்ஙொய்...'னு ஒரு இரைச்சல். நூறு மிஷின் ஓடுத மாதிரி.

"எதுக்கு?"

"என் ஷிப்டு முடிஞ்சிட்டு தாயி. மாத்து ஆள் நீதான். இவளைப் பாத்துக்கோ."

"நீங்க குளிச்சிட்டு இப்பத்தான் வாறீங்களா?"

"இன்னைக்கு நான் குளிக்கவே போவலியே..."

வச்சிட்டாரு.

பேசும்போது மூச்சு விடுத சத்தம் கேக்கும்லா?

கேக்கல.

2.52க்கு அங்க இருந்தேன். ஆம்புலன்ஸ் டிரைவர் பேச்சிராஜ் எனக்கு முன்னாடியே வந்துட்டான். மதினி அடுப்படித் தரையில கிடந்தாக. நெஞ்சுல பட்டை. ஒரு ஓரம்கூடத் தூக்காம அழகா ஒட்டியிருந்துச்சு. உசுரு இருந்துச்சு.

அண்ணாச்சி கட்டில்ல படுத்திருந்தாரு. கழுத்து வரைக்கும் போர்வை. எழுப்பப் போன பேச்சிராஜ் கையை வெடுக்குன்னு எடுத்துக்கிட்டான்.

"யக்கா... விறைச்சுட்டு."

"இப்பதாம்லே என்கிட்ட பேசுனாரு."

"இல்லக்கா. இது காலையிலயே போன உசுரு."

டாக்டரும் அதையேதான் சொன்னாரு. பத்து மணிக்கு முன்னால.

சனியில இருந்து புதன் வரைக்கும், சன்னல்ல அஞ்சு காகிதம் இருக்கணும். எண்ணினேன்.

ஆறு.

நாலா மடிச்சு...

மதினி பிழைச்சுக்கிட்டாக. எனக்கு அழுகை வரல. பயமும் வரல. மரத்துப் போன கால்ல நடக்க மாதிரி இருக்கு, அவ்வளவுதான். 'குளியல்'னு எழுதினது இன்னும் நோட்டுல கிடக்கு. அடிக்க மனசு வரல. அந்தப் போன் பேச்சு கம்பெனியில பதிவாகியிருக்கும். கேட்டுப் பாக்கல.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனேன். இலை போட்டாங்க, சாப்பிட்டேன். கூட்டம் கலைஞ்ச பெறவு பைய கேட்டேன். "மதினி, அன்னைக்கு உங்களுக்குப் பட்டையை ஒட்டுனது யாரு?"

மதினி என்னைய விசித்திரமாப் பாத்தாக.

"உங்க அண்ணாச்சிதான். வேற யாரு? பஸ்ஸை விட்டு இறங்கி வந்தேன். அசந்து தூங்குதாகன்னு எழுப்பல. அடுப்படியில கண்ணை இருட்டிட்டு வந்து விழுந்துட்டேன். பக்கத்துல வந்து உக்காந்து நெஞ்சுல கையை வச்சு அமுக்குனாக. கை அப்படியே சில்லுன்னு இருந்துச்சு மதுமதி. இப்பத்தான் ஆத்துல குளிச்சிட்டு வந்திருக்காகன்னு நெனச்சேன்."